யாருடைய பிள்ளை என்று கேட்டார்கள்

1

காத்தான்குடியில் ஆசிரியையாக இருக்கும் என் பழைய சிநேகிதி நசீரா, போன கிழமை தொலைபேசியில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன கா, சொகமா இரிக்கியா? நீ செய்யிற வேலைக்கி என்னமோ ஒரு நீளப் பேர் சொன்னாயே, ரெண்டு பண்பாட்ட ஒப்பிட்டுப் பாக்கிற மாதிரி. எங்கட பள்ளிக்கூடச் சஞ்சிகைக்கி அந்தச் சொல்லுக்கு ஒரு விளக்கம் எழுதித் தா. புள்ளையளுக்கு விளங்கோணும். ஒரு பக்கம் போதும். பெரிய கதை அளக்காத."

ஒரு பக்கத்தில் முடியாது, நசீரா. கோபிக்காதே.

இங்கே சுவிசில் அந்தச் சொல்லை 'இன்ரர்குல்துறெல்' என்பார்கள். தமிழில் 'பண்பாட்டிடை' என்று எழுதலாம். 'குறுக்குப் பண்பாட்டு' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். குறுக்கே என்றதும் எனக்குப் பூனை ஞாபகம் வருவதால் அதை விட்டுவிட்டேன். இரண்டு பண்பாடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, அவற்றுக்கு நடுவில் நடப்பதைப் பேசுவது, பொதுவான ஓர் இடத்தைத் தேடுவது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். சாப்பாட்டு விழாவுக்கும் இதையே போடுவார்கள். எங்கள் ரோல்ஸும் எரித்திரியாக்காரரின் புளித்த அப்பமும் ஒரே மேசையில் இருந்தால் அது பண்பாட்டிடை விழா. அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, ரோல்ஸ் எப்போதும் முதலில் முடிந்துவிடும்.

காலையில் எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் துவைக்கும் பகுதியில் வேலை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன், அதனால் இங்குள்ள எங்கள் ஆட்களுக்கு நான் 'ரீச்சர்'. பின்னேரங்களில் ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ அரசாங்கக் கந்தோரோ கூப்பிட்டால், பண்பாட்டிடை மொழிபெயர்ப்பாளர். முதலில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்தது. இப்போது தொலைபேசியில் அந்தச் சொல் கேட்டால் முதலில் ஒரு கதிரையில் இருந்துகொள்கிறேன். சந்தோசமாக இருக்கிற வீட்டுக்கு அந்தச் சொல் போனதை நான் கண்டதில்லை. ஏதோ பிழை என்று யாரோ முடிவு செய்த பிறகுதான் அதைக் கூப்பிடுகிறார்கள், கூடவே என்னையும் கூப்பிடுகிறார்கள்.

2

பயிற்சி வகுப்பில் ஒரு பெண் பலகையில் இரண்டு வட்டங்களை ஒன்றையொன்று வெட்டும்படி வரைந்தார். வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, "நீங்கள் நிற்பது இங்கே" என்றார். அந்தப் புள்ளி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. என் டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி, அப்போது அவ்வளவு தூரம் போகாது, அந்தப் புள்ளியைக் கொப்பியில் பார்த்து வரைந்துகொண்டேன்.

இரண்டு விதிகளைப் படிப்பித்தார்கள். சொல்கிறவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று விலகி நிற்கக் கூடாது. இரண்டாவது, சொல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. பண்பாடு பற்றி விளக்கம் தேவையென்றால் அனுமதி கேட்க வேண்டும், கிடைத்தால் பேசலாம்.

என் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி இருக்கிறார். மகனுடைய வீடு பக்கத்துத் தெருவில்தான். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பூச்சட்டியோடு வருவான், கோட்டைக் கழற்றாமலே போய்விடுவான். அவர் தன் உடுப்பு மூட்டையை என்னிடம் தரும்போது கையை விடமாட்டார். ஒருநாள் கூட வேலை செய்கிற பெண்ணிடம் அதைப்பற்றி மெல்லமாகக் கேட்டேன். "ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மாதிரி" என்றாள். சரியான பேச்சுத்தான். ஆனால் இதே விசயம் எங்கள் வீடுகளில் நடந்தால் அது குடும்பம் இல்லை, பண்பாடு. உடனே ஒரு கூட்டம் வைப்பார்கள், நானும் போய் நடுவில் இருப்பேன்.

3

இனி வருவது சுகந்தியின் கதை. மொழிபெயர்ப்பாளர் வெளியே பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். "எழுதுங்க ரீச்சர், ஊரில ஆராவது வாசிக்கட்டும்" என்று அவளே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர்கள் எல்லாம் மாற்றியவை.

சுகந்தியும் அவளுடைய அக்கா மலரும் வாகரைப் பக்கம். சுனாமியில் கடல் வந்தபோது தாய் தகப்பன் இருவரும் போய்விட்டார்கள். அப்போது சுகந்தி சின்னப் பிள்ளை, மலர்தான் வளர்த்தாள். பிறகு மலர் கலியாணம் முடித்துச் சுவிசுக்கு வந்தாள். பிள்ளை கிடைக்கவில்லை என்று புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான். சுகந்தி இங்கே வாழ்க்கைப்பட்டு வந்ததும் அக்கா இருந்த அதே கட்டடத்தில் வீடெடுத்தாள். தங்கை முதலாம் மாடி, அக்கா மூன்றாம் மாடி.

சுகந்திக்கு ஒரு வெதுப்பகத்தில், பேக்கரியில், விடியுமுன் தொடங்கும் வேலை. புருசன் சிவம் மலைப்பக்கத்து ஹோட்டலில் சமைக்கிறான், வாரக்கடைசியில்தான் வருவான். ஆகவே அவர்களுடைய மகள் ஆரணி வேலை நாட்களில் பெரியம்மாவோடு மேலே படுப்பாள். மலர் எழுப்பி, தலை இழுத்து, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவாள். எங்கள் ஊரில் இதைக் கேட்டுவிட்டு யாராவது கொட்டாவி விட்டால்கூட நான் ஆச்சரியப்படமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் 'என் வீடு' என்று பாடம் நடந்தது. ஆரணி தனக்கு இரண்டு கட்டில், இரண்டு வீடு என்றாள். அம்மா எந்த வீட்டில் என்று ஆசிரியை கேட்க, "இரண்டிலும்" என்றாள். ஆசிரியைக்கு நித்திரை வரவில்லைப்போலும். பிள்ளைகளைப் பாதுகாக்கிற கந்தோருக்கு விசயம் போயிற்று. பெற்ற தாய் பிள்ளையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாளோ என்பது அவர்களுடைய சந்தேகம்.

முதற் கூட்டத்துக்குச் சிவத்துக்கு லீவு கிடைக்கவில்லை. சகோதரிகள் இருவரும் நானும் போனோம். மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று புதிதாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டதுமே எனக்குப் பிடிக்கவில்லை. அதிகாரி மெல்லிய குரலில் பேசுகிற, கண்ணைப் பார்த்துச் சிரிக்கிற பெண். அவரைக் கெட்டவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

"ஆரணியை வளர்ப்பது யார்? அவளைப் பற்றிய முடிவுகளை எடுப்பது யார்?" என்று அவர் கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். சுகந்தி பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்தாள். மலர் தன் கைப்பையின் கொளுவியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அவ அக்காட புள்ளதான்" என்றாள் சுகந்தி. "எல்லாம் அக்காதான். நான் சும்மா பெத்தது மட்டும்."

மலரின் முகம் மலர்ந்து, அவள் வெட்கப்பட்டதுபோல் குனிந்துகொண்டாள். நான் அதிகாரியின் பக்கம் திரும்பி, விதிப்படி, டொச்சில் சொன்னேன்: "அவள் என் அக்காவின் பிள்ளை. எல்லாம் அக்காதான். நான் பெற்றது மட்டும்தான்."

அதிகாரியின் பேனா நின்றது. பண்பாடு பற்றி ஒரு விளக்கம் சொல்லலாமா என்று கேட்டேன். "கட்டாயம், கடைசியில் நேரம் ஒதுக்குவோம்" என்றார். கடைசியில் நேரம் இருக்கவில்லை. அடுத்த கூட்டம் வரையில், பிள்ளையைக் கொஞ்சக் காலம் நடுநிலையான ஓர் இடத்தில் வைப்பது பற்றியும் யோசிப்பதாகச் சொல்லி எழுந்து எல்லாருக்கும் கைகொடுத்தார்.

வெளியே வந்ததும் மலர் என் கையைப் பிடித்தாள். "ரீச்சர், நடுநிலையான இடமெண்டு சொன்னா, அது எங்க கிடக்கு?"

"வேற ஒரு வீடு. நமக்குத் தெரியாத ஆக்கள்ர வீடு."

சுகந்தி படியில் அப்படியே இருந்துவிட்டாள். "நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்? அக்கா பக்கத்தில இரிக்கக்குள்ள என்ட புள்ள எண்டு எப்பிடி ரீச்சர் வாயால சொல்லுற? மனிசருக்கு நெஞ்சு வேணாமா?"

4

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில் பிறந்தவள். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, ஒன்று அம்மாவுடையது, மற்றது பெரியம்மாவுடையது. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. எந்த வீட்டில் சோறு மணக்கிறதோ அங்கே சாப்பிடுவேன், எங்கே நித்திரை வருகிறதோ அங்கே படுப்பேன். பெரியம்மா நிற்கும்போது அம்மா என்னை 'என்ட புள்ள' என்று சொன்னதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. யாராவது வந்து கேட்டால் என்னை முன்னால் தள்ளி, "இது அக்காட" என்பா. அதற்குப் பெயரும் இல்லை, யாரும் சொல்லித்தருவதும் இல்லை. பிள்ளை இல்லாத ஒருத்தியின் முகத்துக்கு நேரே 'எனக்கு இருக்கிறது' என்று சொல்லாமல் விடுவது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் இனிப்புப் பூசிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரண்டு தாய் என்றால் இரண்டு பக்கமும் அடி விழும். அதோடு எனக்கு வேறொரு ஞாபகமும் இருக்கிறது.

ஒருநாள் ஆயுதத்தோடு சிலர் வந்தார்கள். எந்தப் பக்கத்தார் என்பது இங்கே தேவையில்லை. அந்த வருசங்களில் எங்களை எண்ண வந்தவர்கள் பல விதம். வீடு வீடாகப் போய், எத்தனை பிள்ளை, எத்தனை வயது என்று கேட்டார்கள். பிள்ளைகளைச் சண்டைக்குக் கொண்டுபோகத்தான் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அம்மாவின் பின்னால் நின்றேன்.

"இது ஆர்ர புள்ள?"

"அக்காட புள்ள, தம்பி" என்றா அம்மா.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பெரியம்மா வாசலிலேயே நின்று சொன்னா: "அவ தங்கச்சிட புள்ள. சாப்பாட்டுக்குத்தான் இஞ்ச வாற."

ஒருவர் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தார். வளவின் நடுவில் நிற்கிற பலாமரம் வரை நடந்து வந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, படலையைத் திறந்து போய்விட்டார். இரண்டு வீட்டுக் கணக்கிலும் நான் இல்லை. அடுத்த வளவில் என் வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு வீடு, ஒரு தாய். கேட்டவுடன் தாய் உண்மையைச் சொல்லிவிட்டா. அவள் திரும்பி வரவே இல்லை. அவளுடைய பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

'அக்காட புள்ள' என்ற அந்தப் பதிலால்தான் நான் இன்றைக்கு உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன். அதே பதிலை என் வாயாலேயே டொச்சில் சொல்லி ஆரணியைக் கந்தோரின் கணக்கில் ஏற்றிவிட்டு வந்திருந்தேன்.

5

என் மகள் சட்டம் படிக்கிறாள். என்னோடு சண்டை பிடிப்பது டொச்சில், சமாதானத்துக்கு மட்டும் தமிழ். அந்தக் கிழமை முழுக்க டொச்சாகவே போயிற்று. "விளக்கம் சொல்வது உங்களுடைய உரிமை, அம்மா. கெஞ்சாதீர்கள், கேளுங்கள்" என்றாள். அவளுக்கு எல்லாமே கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை. நான் முன்கூட்டியே கந்தோருக்கு அறிவித்து நேரம் கேட்டேன், தந்தார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்குச் சிவமும் வந்திருந்தான். அதே அறை, அதே கைக்குட்டைப் பெட்டி. நான் எழுந்து நின்று, ஒரே வளவில் இருக்கும் வீடுகளைப் பற்றி, தாயின் அக்காவும் தாய்தான் என்பதைப் பற்றி, பிள்ளை இல்லாதவள் முன்னால் தாய் ஏன் அப்படிச் சொல்வாள் என்பதைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல டொச்சு நான் பேசியதில்லை. அதிகாரி ஒரு சொல்லும் விடாமல் கேட்டார். தலையை ஆட்டி ஆட்டி எழுதினார்.

"மிகவும் பெறுமதியான விளக்கம்" என்றார். "பண்பாட்டிடைப் பார்வையில் இது எங்களுக்கு முக்கியம்."

எனக்கு அழுகை வரும்போல் சந்தோசமாக இருந்தது. சுகந்திக்குக் கண்ணால் சைகைகூடக் காட்டினேன். அதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"அப்படியானால் அன்று அம்மா சொன்னது உண்மையான நிலைமை இல்லை, மரியாதைக்காகச் சொன்னது. நல்லது. இப்போது அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பிள்ளையை எங்கேயும் அனுப்பத் தேவை வராது."

மலரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். அதிகாரிக்கு என் கேள்வி பிடிக்கவில்லை, ஆனால் குரல் மாறவில்லை. "ஒருவரைப் பற்றிய விசயத்தை அவர் இல்லாத இடத்தில் நாங்கள் பேசுவதில்லை. எல்லாம் எல்லாருக்கும் முன்னால்தான். அதுதான் மரியாதை."

அவர்களுக்கும் ஒரு மரியாதை இருந்தது, நசீரா. அதை அவர் பண்பாடு என்று நினைக்கவில்லை. முறை என்று நினைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க அந்த அறையில் இரண்டு விசயங்கள் இருந்தன, ஒப்பிடப்பட்டது எங்களுடையது மட்டும்தான்.

சுகந்தி நிலத்தைப் பார்த்தாள். சிவம் ஏற்கெனவே கட்டியிருந்த சப்பாத்து நாடாவைக் குனிந்து மறுபடி கட்டினான்.

"அவ என்ட புள்ள" என்றாள் சுகந்தி.

"உங்கள் அக்கா?" என்று, நான் மொழிபெயர்க்கு முன்பே, அதிகாரி கேட்டார்.

"அக்காட..." என்று தொடங்கி நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். "அக்காட புள்ள இல்ல."

இனி என்னுடைய முறை. விலகி நிற்க விதியில்லை. மலருக்கு நேரெதிரே இருந்துகொண்டு டொச்சில் சொன்னேன்: "அவள் என் பிள்ளை. என் அக்காவின் பிள்ளை இல்லை." மலருக்கு அந்தளவு டொச்சு நன்றாக விளங்கும். தங்கையின் வாயால் ஒருதரம், என் வாயால் ஒருதரம், இரண்டுதரம் அவள் அதைக் கேட்டாள்.

இதில் உங்களுக்கு உடன்பாடா என்று அதிகாரி மலரிடம் கேட்டார்.

"ஓம்" என்றாள் மலர். கைப்பையை மூடிவிட்டு, "அது சரிதானே" என்றாள்.

6

ஆரணியை யாரும் கொண்டுபோகவில்லை. பெற்றோர் வீட்டில், அவளுடைய சொந்தக் கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அன்று பின்னேரமே மலர் பிள்ளையின் உடுப்பு, போர்வை, பல் தூரிகை எல்லாவற்றையும் இரண்டு பைகளில் கொண்டுவந்து முதலாம் மாடி வாசலில் வைத்தாளாம். உள்ளே வரச் சொன்னதற்கு, "வேல கிடக்கு" என்றிருக்கிறாள்.

அதன் பிறகு அவள் கீழே இறங்கி வந்ததே இல்லை என்று சுகந்தி சொன்னாள். கோபம் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. படியில் கண்டால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள் சுகந்தி.

ஒருநாள் ரயில் மேடையில் மலரைக் கண்டேன். பெரிய பெட்டி ஒன்று வைத்திருந்தாள். தூரத்து நகரம் ஒன்றில், ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறதாம். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க ஏன் ரீச்சர் தலையக் குனியிறீங்க? அவ சொன்னத்தத்தானே நீங்க சொன்னீங்க" என்றாள். "நான் அங்கேயே இருந்தா புள்ள மேல ஓடி வந்திருவா. மறுகா அவங்க வந்து கேப்பாங்க. என்னத்துக்கு? புள்ள அவவோட இருக்கட்டும்." ரயில் வந்ததும் பெட்டியைத் தூக்கப் போனேன். விடவில்லை, தானே தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அடுத்த சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு ஆரணி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தில் சட்டைக்கு வெளியே ஒரு நாடா தொங்கியது. அதில் ஒரு வீட்டுச் சாவி.

"இது என்ன புள்ள?"

"அம்மா வேலைக்குப் போன பிறகு நான் எழும்பி, பாண் சாப்பிட்டு, கதவைப் பூட்டிப்போட்டு வாறன்" என்றாள் பெருமையாக. "எனக்குப் பயமில்ல. லைட்டப் போட்டுட்டுத்தான் படுக்கிறன்."

அன்று சுகந்தியைத் தொலைபேசியில் எடுத்துக் கேட்டேன். வெதுப்பகத்தில் நேரம் மாற்றிக் கேட்டிருக்கிறாளாம், பொறுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "வேலய விட ஏலா ரீச்சர். விட்டா அதுக்கும் வந்து கேள்வி கேப்பாங்க. அக்காவ வரச் சொல்ல எனக்கு என்ன வாய் இரிக்கி?" என்று அழுதாள். கவனம் என்றேன்.

நசீரா, உனக்காக இதை எழுதத் தொடங்கி இந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். உன்னுடைய பிள்ளைகளுக்குப் பொருத்தமாக ஒரு நல்ல முடிவு யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று, உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது, தொலைபேசி அடித்தது. அதே மெல்லிய குரல். வியாழக்கிழமை நேரம் இருக்குமா என்று கேட்டார். எனக்கு ஏற்கெனவே தெரிந்த குடும்பம்தானாம். பிள்ளை விடியற்காலையில் வீட்டில் தனியே இருப்பதைப் பக்கத்து வீட்டார் கண்டு அறிவித்திருக்கிறார்களாம். மறுபடியும் என்னுடைய பண்பாட்டிடை உதவி தேவைப்படுகிறதாம்.

"அதற்கு முன் ஒரு கேள்வி" என்றார். "சின்னப் பிள்ளைகளை இப்படித் தனியே விடுவது உங்கள் பண்பாட்டில் வழக்கமா?"

கையில் அந்தக் கிழவியின் இரவுச் சட்டை இருந்தது. அதை மேசையில் வைத்தேன்.

"இல்லை" என்றேன். "எங்கள் வழக்கப்படி அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரியம்மா இருந்தாள்."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. 'இல்லை' என்றபோது கேட்டது. அதற்குப் பிறகு நான் சொன்னபோது கேட்கவில்லை.